எமது நாளை எவர் எழுதுவது?

பல்கலைக்கழக விடுமுறை நெருங்கியதும் மலையக மாணவரிடையே ஒரு கேள்வி எழுவதுண்டு: "தோட்டத்துக்குப் போய் என்ன செய்வது?" குடும்பச் சுமை காரணமாகக் கொழும்புக் கடைகளில் வேலைக்குச் செல்வோரை நாம் குறைகூறவில்லை, பிழைப்பு முந்தியது. ஆயின், ஊரிலே பார்ப்பதற்கும் படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஏதுமில்லை என்று கருதி ஒதுங்குவோரின் மனப்பாங்கு வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

டிக்கோயாவையே எடுத்துக்கொள்வோம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழவுள்ள பழைய துரைமார் பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகியுள்ளன. கடல் கடந்து வருவோர் பெரும்பணம் செலுத்தி, அவற்றின் விறாந்தைகளில் அமர்ந்து நூல் வாசித்து இன்புறுகின்றனர். அம்மலைச் சரிவின் லயத்திலே பிறந்தவனோ தன் ஊர் ஓய்வுக்கு உகந்ததன்று என்கிறான். அந்நியனுக்கு விருந்தாகும் இடம் அம்மண்ணில் பிறந்தவனுக்கு வெறுமையாவது எங்ஙனம்?

குறை ஊரில் இல்லை. நாம் பழகிய கல்வியில் உள்ளது. பரீட்சைக்கு உதவாத நூலைத் தொடுவதே குற்றம் என்று எண்ணி வளர்ந்தோம். ஆடி மாத மழை கொட்டும் பிற்பகலில் இஸ்தோப்பில் அமர்ந்து, எவருக்கும் விடை எழுத வேண்டாத ஒரு நாவலை வாசிக்கும் இன்பத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவ்வின்பத்தை அறியாதவன் பட்டம் பெறலாம், வாசகனாகான். வாசகனாகாதவன் தன் ஊரைப் பற்றி எழுதத் துணிவதும் அரிது.

தோட்டத்தில் நாள்தோறும் எழுத்து நடைபெறாமலில்லை. கொழுந்தின் நிறையும், மழையின் அளவும், வேலைக்கு வந்தோர் தொகையும் அலுவலகத்தில் நாள் தவறாது பதியப்பட்டே வந்துள்ளன. செக்ரோலில் ஒரு பெண்ணின் பகல் முழுவதும் ஒரு 'பேர்' ஆகச் சுருங்கியது; கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' ஆயிற்று. அன்று அவள் எதை எண்ணிச் சிரித்தாள், எதற்காக அழுதாள் என்பது அப்புத்தகத்தில் இல்லை. எமது நாளை நாம் எழுதாதபோது, பிறர் எழுதிய கணக்கே எமது வரலாறாகிவிடுகிறது.

எழுத்து இம்மக்களுக்குப் பொழுதுபோக்கு மாத்திரமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டம், இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. 1964இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அத்தொகை எல்லா நூல்களிலும் உண்டு. ஒரே லயத்தில் வாழ்ந்த உடன்பிறந்தார் பிரிந்த அந்தக் காலைப்பொழுது எத்தனை ஏடுகளில் உண்டு? நாட்குறிப்புகள் குடியுரிமையைப் பெற்றுத் தந்திருக்கும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால், தொகையாக எண்ணப்பட்டோர் மனிதராக நினைக்கப்படுவதற்கு அவை வழிசெய்திருக்கும்.

முன்னோடிகள் இல்லாமலுமில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் அட்டனிலிருந்து எழுத்தையும் பாட்டையும் தோட்டங்களுக்குக் கொண்டுசென்றனர். 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாய்மொழியில் வழங்கிய பாடல்களைத் திரட்டினார். அவர் அவற்றைத் தேடித் தூர தேசம் செல்லவில்லை.

"பத்தடி அறையில், பலர் நடுவே எங்ஙனம் எழுதுவது?" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். அது வீட்டுரிமைக்கும், தோட்டந்தோறும் ஒரு வாசிகசாலைக்கும் போராடுவதற்கான காரணம்; ஊரைக் கைவிடுவதற்கான காரணமன்று. அறையில் இடமில்லையெனில் கோயில் மண்டபம் உண்டு. பாடசாலைத் திண்ணை உண்டு.

பொருளுக்கும் பஞ்சமில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் தெருக்களில் நடந்தவர்கள் இன்றும் நம்மிடையே முதியோராய் வாழ்கின்றனர். நீர் வற்றும் காலத்தில் அதன் எச்சங்கள் தாமே வெளிப்படும். மனிதர் மறைந்தபின் அவர்தம் நினைவு அங்ஙனம் வெளிப்படாது.

ஆகவே, இவ்விடுமுறையில் வீட்டுக்குச் செல்வோம். மனத்துக்கு உவந்த நூல் இரண்டை எடுத்துச் செல்வோம். மலையிலிருந்து திரும்பும் தாய் தேநீர் அருந்தும் வேளையில் அவளருகே அமர்ந்து, அன்றைய பொழுதைக் கேட்டு எழுதுவோம். பெரிய இலக்கியம் படைக்க வேண்டியதில்லை. அவளுக்கு அரைப்பேர் விழுந்த நாளுக்கு நாம் அரைப்பக்கமேனும் எழுதினால் போதும்.