நனைந்த தானியமும் நனைந்த சுவரும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். கடந்த பின்னும் அது நகர மறுத்து நம் தலைக்கு மேலேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் மக்களை மீட்க ராணுவமே வரவேண்டியிருந்தது. அரசு ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலைக் கண்டவர்கள்கூட, அது காற்றின் புயல், இது தண்ணீரின் புயல் என்றார்கள்.

அந்தத் தண்ணீர் வடிந்துவிட்டது. வடியாத ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது நம் சமுதாயத்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர் சிலரிடம் ஊறிப்போன ஒரு வழக்கம். தண்ணீர் புகும் வீடு என்று நன்கு தெரிந்திருந்தும் அதன் மேல் வண்ணம் பூசி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இன்னொரு முஸ்லிமின் தலையில் கட்டுவது.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டு கோடையில், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் குடும்பத்தார் முத்தியால்பேட்டையில் வீடு தேடினார்கள். நானே உடன் சென்று ஒரு தரைத்தள வீட்டைப் பார்த்தேன். புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். முழங்கால் உயரம் வரை அடர் பழுப்பு நிறம், அதற்கு மேல் வெளிர் நிறம். பார்க்க அழகாகவே இருந்தது. “மழைக்குத் தண்ணீர் வருமா பாய்?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஒன்றும் இல்லை ஹஜ்ரத்” என்றார் உரிமையாளர். முன் ஸஃப்பில் தொழுகிறவர். அவருடைய சொல்லை நம்பி, “நல்ல வீடு, வாருங்கள்” என்று அந்தக் குடும்பத்திடம் சொன்னவன் நான்.

டிசம்பர் முதல் தேதி காலை நான் அங்கு சென்றபோது, கட்டிலின் மேல் மேசையும் மேசையின் மேல் பாட்டியுமாக அந்தக் குடும்பம் இருந்தது. கழிப்பறை வழியாகவே சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து வந்திருந்தது. அரிசி, துணி, பிள்ளையின் கிதாபுகள், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் போயிருந்தன. இரண்டு வாரம் கழித்து வண்ணம் தோல் உரிவதுபோல் உரிந்து விழுந்தபோது, அதன் அடியில் பழைய நீர்க்கோடு தெளிவாகத் தெரிந்தது. அடர் பழுப்பு நிறம் எங்கே முடிந்ததோ, சரியாக அந்த உயரத்தில். பக்கத்து வீட்டு அம்மா, “இது எப்போதும் வருவதுதானே, உங்களுக்குச் சொல்லவில்லையா?” என்று கேட்டார். ஐந்தாம் தேதி வாடகை கேட்டு ஆள் வந்தது. தை பிறந்ததும் அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது, வண்ணம் அடிக்கும் செலவுக்கென்று முன்பணத்தில் ஒரு மாத வாடகை பிடிக்கப்பட்டது. அடுத்து வருபவரிடம் மறைப்பதற்கான செலவையும் ஏமாந்தவரே கொடுத்துவிட்டுப் போனார்!

இதைச் சொன்னால் நம்மவர்கள் தரும் பதில்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: “மழை அல்லாஹ்வின் நாட்டம். கத்ரை நாம் என்ன செய்ய முடியும்?”

மழை அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த வீட்டில் நீர்க்கோட்டின் மேல் தூரிகையை ஓட்டியது மழையா? ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) அவர்கள் படையுடன் திரும்பிப் போக முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்க, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) பதில் சொன்னதை புகாரீயில் காண்கிறோம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பிடித்து எரிந்தபோது, நபி (ஸல்) அவர்கள் விதி என்று சொல்லி முடித்துவிடவில்லை. நெருப்பு உங்கள் எதிரி, உறங்கும்முன் அணைத்துவிடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். வெள்ளம் வரப்போகிறது என்று அறிவிக்கப்பட்ட நூஹ் (அலை) அவர்களுக்குக் கப்பல் கட்டும்படியே கட்டளை வந்தது. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பிறகு வருவது என்று நம் மக்தப் பிள்ளைகளுக்கே தெரியும்.

கத்ரைக் காரணம் காட்டுகிறவர், வாடகை மூன்று மாதம் நின்றுபோனால் அதையும் கத்ர் என்று விட்டுவிடுவாரா? தன் பையில் பணம் வரும் இடத்தில் ஒப்பந்தம், பிறர் வீட்டில் தண்ணீர் வரும் இடத்தில் கத்ர் என்று பேசுவது ஈமானில் சேராது.

இரண்டாவது பதில்: “அவர் பார்த்துவிட்டுத்தானே வந்தார்? கண் இல்லையா?”

இதற்கான பதிலை நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவிலேயே சொல்லிவிட்டார்கள். உணவுத் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இந்த ஹதீஸைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தானியத்தை நனைத்தது மழைதான். அந்த வணிகர் அதில் பொய் சொல்லவில்லை. மழைக்காக நபியவர்கள் அவரைக் கண்டிக்கவும் இல்லை. நனைந்ததைக் கீழேயும் காய்ந்ததை மேலேயும் வைத்த கைக்காகவே கண்டித்தார்கள். வாங்குபவருக்குக் கண் இல்லையா, கையை விட்டுப் பார்த்திருக்கலாமே என்றும் அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அறிந்தவர் மீது சுமத்தப்பட்டது. அந்த ஈரமான தானியத்துக்கும் வண்ணத்தின் கீழ் ஈரமான சுவருக்கும் என்ன வேறுபாடு?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108ஆம் பிரிவில், குடியிருப்பவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் வெளிப்படுத்த வேண்டும் என்று உள்ளது. உலகச் சட்டமே இவ்வளவு கேட்கும்போது, ஷரீஅத்தைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லும் நாம் அதற்கும் கீழே நிற்கலாமா?

மூன்றாவது பதில்: “உள்ளதைச் சொன்னால் யார் வருவார்கள்? அந்த வாடகையில்தான் என் குடும்பம் நடக்கிறது.”

இந்தப் பதிலை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஒரே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு அதன் வாடகையில் வாழும் விதவைத் தாய்மார்களும் முதியோர்களும் நம் முஹல்லாவில் இருக்கிறார்கள். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியதால், அன்று மூன்று படி ஏறிப் போன வீடு இன்று ஒரு படி இறங்கிப் போகும் வீடாகிவிட்டது. அது அவர்கள் செய்த குற்றமன்று. கடற்காற்றின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கூரையின் காரையை உதிர்ப்பதும் அவர்கள் குற்றமன்று.

ஆனாலும் உள்ளதைச் சொல்லி வாடகையைக் குறைப்பது ஹலால், மறைத்து முழு வாடகை வாங்குவது ஹராம். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி இல்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் செய்யப்படும் என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹகீம் பின் ஹிஸாம் (ரழி) வழியாக புகாரீயிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. மறைத்து வாங்கிய வாடகையிலிருந்து பரக்கத் போய்விட்டால் கையில் மிஞ்சுவது வெறும் காகிதம்தானே?

இனி, தண்ணீர் நின்ற நாள்களின் வாடகை. இஜாரா என்பது பயன்பாட்டுக்கு ஈடாகக் கொடுக்கும் தொகை என்பது ஃபிக்ஹின் அடிப்படைப் பாடம். வீட்டில் குடியிருக்கவே முடியாத நாள்களில் அங்கே பயன்பாடு எங்கே இருக்கிறது? விற்ற பழம் இயற்கைச் சேதத்தால் அழிந்துபோனால் உன் சகோதரனின் பொருளை எந்த உரிமையில் எடுத்துக்கொள்வாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி முஸ்லிமில் உண்டு. பழ வியாபாரத்தில் இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி மனத்தில் தைக்காமல், முழங்கால் தண்ணீரில் நிற்பவரிடம் ஐந்தாம் தேதி ஆள் அனுப்புகிறவரின் உள்ளத்தைப் பற்றி எந்த மத்ஹபும் நல்லபடியாகச் சொல்லாது.

இந்த இடத்தில் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் பணிவுடன் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதில் நமக்கு நிகர் இல்லை. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் பொட்டலம் ஒரு வேளைப் பசியைத்தான் தீர்க்கும். அடுத்த ஐப்பசியில் அதே வீட்டில் அதே குடும்பத்துக்கு அதே பொட்டலத்தைக் கொடுப்பது சேவையின் வெற்றி ஆகாது. எனவே இவற்றைக் கோருகிறேன்.

ஒன்று, ஜமாஅத்தார் தங்களுக்குள் விடும் வீடுகளுக்கு ஒரு பக்க உண்மை அறிக்கை வேண்டும். ஃபெஞ்சலின்போது எத்தனை அடி தண்ணீர் வந்தது, கூரை ஒழுகுகிறதா, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி உள்ளதா, கழிவுநீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு உள்ளதா என்று நான்கே கேள்விகள். இரு தரப்பும் கையெழுத்திடட்டும். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிவைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இரண்டு, இதை வக்ஃபு வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும். அல்லாஹ்வின் பெயரால் உள்ள வீட்டில் ஈரம் மறைக்கப்படுமானால் மற்றவர்களிடம் பேச நமக்கு வாய் ஏது?

மூன்று, பழுது பார்க்க வசதியில்லாத சிறு உரிமையாளருக்குப் பைத்துல்மாலிலிருந்து கர்ழன் ஹஸனா கொடுங்கள். தரையை உயர்த்தவும் வால்வு பொருத்தவும் வட்டிக்கடைக்கு அவர் போகும் நிலையை நாமே உண்டாக்கக் கூடாது. பேரிடரில் பொருளை இழந்து கையேந்துவது அனுமதிக்கப்பட்டவர்களில் ஒருவர் என்று நபியவர்கள் கபீஸா (ரழி) அவர்களிடம் சொல்லியிருக்கும்போது, அவர் கையேந்தும் முன்பே கொடுப்பது நமக்கு அழகு.

குடியிருப்போரே, உங்களுக்கும் கடமை உண்டு. வாறுகாலில் குப்பையைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் வடியவில்லை என்று புலம்பாதீர்கள். போகாத பொருளைப் போனதாக எழுதி நிவாரணம் கேட்காதீர்கள். அதுவும் நனைந்த தானியத்தின் மறுபக்கமே. தண்ணீர் புகுந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பொருளை வெளியே எறியும் முன் படம் எடுத்து வையுங்கள். தரைத்தொட்டியில் வெள்ளநீர் கலந்திருந்தால் முழுவதும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். சுவர் நன்கு காயும் முன் வண்ணம் அடிக்க எவரையும் விடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சையாகிப் பிள்ளைகளின் நெஞ்சில் இளைப்பாக வெளிவரும்.

இறுதியாக, என் பங்கு. அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் என்ன செய்வீர்கள் ஹஜ்ரத்” என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஆனால் நான் ஒரு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாட்சி சொல்கிறவன் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அந்த வீட்டு உரிமையாளரிடமும் தனியாகப் பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். இப்போது அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. சுவர் புதிதாக மின்னுகிறது. அவர்களிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜும்ஆவில் மழை வேண்டும் என்று கேட்டவர்கள், அடுத்த ஜும்ஆவில் வீடுகள் இடிகின்றன என்று முறையிட்டார்கள். அப்போது அவர்கள், இது உங்கள் பாவத்தின் கூலி என்று சொல்லாமல், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள் மேல் வேண்டாம் என்று கையேந்தினார்கள். அந்த துஆவை இந்த ஐப்பசியிலும் நாம் கேட்போம். கேட்கும் கையில் மறைத்த வண்ணத்தின் கறை இல்லாமல் கேட்போம்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளையும் எங்கள் நாவுகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.