ஒரே விமானம், ரெண்டு நம்பர், மைல் மட்டும் பூஜ்யம்

போன வாரம் மறுபடியும் அந்த மெயில் வந்தது. "உங்கள் கோரிக்கையைப் பரிசீலித்தோம். நீங்கள் பயணித்த புக்கிங் கிளாஸ் புள்ளிகளுக்குத் தகுதியானதல்ல." மூணாவது தடவை. ஒரு கமா கூட மாறலை. வெட்டி ஒட்டறதுக்குன்னே ஒரு ஆளை வேலைக்கு வெச்சிருப்பாங்க போல.

விஷயம் இதுதான். தங்கச்சிக்கு வெளிநாட்டில் பிரசவம். அப்பா அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர நானும் கூடப் போனேன். தில்லியிலிருந்து கிளம்பி நடுவில் ஒரு இடத்தில் மாறிப் போகிற டிக்கெட். நான் பத்து வருஷமாக மெம்பராக இருக்கிற ஏர்லைன்ஸின் சைட்டிலேயே, அவர்கள் நம்பர் போட்ட ஃப்ளைட்டாகவே பார்த்து வாங்கினேன். வேறு ஒரு ஏர்லைன்ஸில் ஆளுக்கு நாலாயிரம் குறைவாகக் கிடைத்தது. "மைல் வரும்ல, இதுவே இருக்கட்டும்" என்று தங்கமணியிடம் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னது அடியேன்தான். ஏர்போர்ட்டில் போய் நின்றால், பயணத்தின் நீளமான பாதியை ஓட்டுவது கூட்டாளிக் கம்பெனி. மூணு வாரம் கழித்துக் கணக்கைத் திறந்து பார்த்தால் அந்தப் பாதிக்கு மூணு பேருக்கும் பூஜ்யம். தங்கமணி ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் மோசம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ் டிக்கெட் போட்டவர்களுக்கு கோட்ஷேர் என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டாம். டிக்கெட்டில் ஒரு டிராவல்ஸ் பெயர், வந்து நிற்கிற பஸ்ஸில் வேறு டிராவல்ஸ் பெயர். அதையே ஆகாயத்தில் செய்தால் கௌரவமான பெயர். ஒரே விமானத்துக்கு ரெண்டு மூணு கம்பெனிகள் தங்கள் நம்பரை ஒட்டி விற்கும். கூட்டணி என்பது வேறு, கோட்ஷேர் என்பது வேறு என்பதையும் நம்மாட்கள் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் சேர 2007-ல் அழைப்பு வந்து, 2011-ல் தள்ளிப்போய், 2014 ஜூலையில்தான் சேர்ந்தது. இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை, ஆனால் கோட்ஷேர் ஒப்பந்தங்கள் நிறைய வைத்திருக்கிறது. ஆக, கோட்ஷேர் என்று போட்டிருந்தாலே மைல் வரும் என்று நினைத்தால் அங்கேயே முதல் சறுக்கல்.

ரெண்டாவது சறுக்கல் அந்த எழுத்து. எகானமி டிக்கெட் எல்லாம் ஒன்று என்று நினைப்போம். கிடையாது. 'ஒய்' என்றால் முழுக் கட்டணம், அதற்குக் கீழே தள்ளுபடிக்குத் தக்கபடி எம், கே, எல், டி என்று ஒரு அரிச்சுவடியே இருக்கிறது. கூட்டாளி விமானத்தில் பறந்தால் பல திட்டங்களில் இந்த எழுத்தைப் பார்த்துத்தான் தூரத்தில் நூறு சதவீதமா, ஐம்பதா, இருபத்தைந்தா, பூஜ்யமா என்று முடிவு. தில்லியிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் சுமார் 3,800 மைல். பக்கத்துப் பக்கத்து சீட்டில் மூணு பேர் உட்கார்ந்திருந்தால் ஒருத்தருக்கு 3,800, ஒருத்தருக்கு 950, மூணாமவருக்கு ஒன்றுமில்லை. மூணு பேருக்கும் அதே ஆறிப்போன சாப்பாடு.

கோட்ஷேரில் இன்னொரு வில்லங்கம். டிக்கெட் விற்றவர் போட்ட எழுத்து ஒன்று. அதுவே ஓட்டுகிறவர் கம்ப்யூட்டருக்குப் போகும்போது வேறு எழுத்தாகிவிடலாம். சில திட்டங்கள் விற்றவரின் நம்பரை வைத்துக் கணக்குப் போடும், சில ஓட்டினவரை வைத்து. என் டிக்கெட்டில் இருந்த எழுத்து புள்ளி வருகிற எழுத்து. ஓட்டினவர் பட்டியலில் அது மாறிப்போன எழுத்து, புள்ளி வராத எழுத்து. பணம் கட்டுகிற பக்கத்தில் இந்த ரெண்டாவது எழுத்து எங்கேயுமே இல்லை. இல்லாத ஒன்றை நான் எப்படிப் படித்துப் பார்த்து வாங்குவது?

இதற்கு நடுவில் கணக்கு முறையே மாறிக்கொண்டிருக்கிறது. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-லேயே, அமெரிக்கன் 2016-ல், தூரத்தை விட்டுவிட்டு எவ்வளவு பணம் கொடுத்தாய் என்று பார்க்க ஆரம்பித்தன. ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் அந்த வழிக்கு வந்தது (திட்டத்தின் பெயரும் 2025-ல் மகாராஜா கிளப் ஆகிவிட்டது. நாம் மகாராஜா இல்லை என்பது மட்டும் மாறலை). சொந்த விமானத்துக்கு ரூபாய்க் கணக்கு, கூட்டாளி விமானத்துக்குத் தூரமும் எழுத்தும் என்றால் பொட்டி தட்டிப் பிழைக்கிற எனக்கே எக்செல் ஷீட் தேவைப்படுகிறது. என் அப்பா என்ன செய்வார்?

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குக் கூடுதலாக இன்னொரு காரணமும் சொல்லி, எங்கள் கம்பெனியே ஓட்டின மீதிப் பாதிக்கும் மறுத்துவிட்டார்கள். பெயர் பொருந்தவில்லையாம். இங்கேதான் நம்மவர்கள் எல்லோரும் மாட்டுகிறோம். முருகன் என்று ஒருத்தர், அவர் அப்பா கந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவர் கே. முருகன். மெம்பர் ஆகும்போது அப்படியே எழுதிக் கொடுத்திருப்பார். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் கந்தசாமி. டிக்கெட்டும் அப்படியே. கம்ப்யூட்டருக்கு இவர்கள் ரெண்டு பேர். மெயில் மட்டும் "அன்புள்ள திரு. கந்தசாமி" என்று வரும், என்றைக்கோ போய்ச் சேர்ந்த தாத்தாவுக்கு! சர்நேமே போடாமல் ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்தவர் கதை இன்னும் மோசம். அமெரிக்க விசாவில் அவர் முதல் பெயர் 'எஃப்.என்.யு.', அதாவது முதல் பெயர் தெரியாதவர்.

எங்கள் மாடியில் இருக்கும் சர்மா குடும்பத்தில் ஆறு பேர், ஒரே சர்நேம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், தங்கமணிக்கு மாமனார் பெயர், பிள்ளைகளுக்கு என் பெயர். குடும்பப் புள்ளிகளை ஒரே கணக்கில் சேர்க்கலாம் என்று விளம்பரம் பார்த்துவிட்டு போன் போட்டால், "சார், நீங்க எல்லாரும் ஒரே ஃபேமிலிதானா?" என்று அந்தப் பெண் இந்தியில் கேட்கிறாள். ரேஷன் கார்டு, கல்யாண சர்ட்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். ஒரு கம்பெனிக்கே இந்தப் பாடு. கோட்ஷேரில் ரெண்டு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, சும்மா கிடைக்கிறதுதானே?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். தமிழர்தான். ஐயா, இது தானம் இல்லை. அந்த நாலாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் மூணு பேருக்கு நான் கொடுத்த விலை. கிரெடிட் கார்டு கொடுக்கும் வங்கிகள் இந்தப் புள்ளிகளை ஏர்லைன்ஸிடம் காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன. 2020-ல் விமானமெல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது, டெல்டா 900 கோடி டாலர். நகையை அடகு வைக்கிற மாதிரி. அவர்கள் கடன் வாங்கும்போது அது சொத்து, நான் கேட்கும்போது மட்டும் இனாமா?

எனக்கு இந்தப் புள்ளிகள் கோவாவுக்குப் போகிறதுக்கு இல்லை. ஊரை விட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற யாருக்கும் ராத்திரி ரெண்டு மணி போன் பற்றித் தெரியும். அந்த போன் வந்த அன்றைக்கு மதுரை டிக்கெட் என்ன விலை இருக்கும் என்றும் தெரியும். அதற்காகத்தான் சேர்த்து வைத்தேன். பெரியப்பா தவறினபோது அந்த போன் வந்தது. கணக்கில் இருந்தது ஒரு டிக்கெட்டுக்குத்தான் போதும். அந்தப் பூஜ்யம் பூஜ்யமாக இல்லாமல் இருந்தால் ரெண்டுக்கு வந்திருக்கும். அன்றைய விலையில் இன்னும் மூணு டிக்கெட் வாங்கக் கையில் தெம்பில்லை. நான் மட்டும் விமானத்தில் போனேன். தங்கமணியும் பிள்ளைகளும் தட்காலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்னையில் இறங்கி, பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தூக்கி வளர்த்தவர். அவள் முகத்தைக் கூடப் பார்க்க முடியாமல் போச்சு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் மைலை அவசரத்துக்கான சேமிப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்வது என் கடமை. அது அவர்கள் அச்சடிக்கிற நோட்டு. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் 2019 ஏப்ரல் 17-ம் தேதி நின்றது. ஜெட்டின் புள்ளித் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் பிழைத்து, பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் ஜெட் விமானம் இல்லாத ஜெட் மைலை வைத்து ஊருக்குப் போக முடியுமா? அந்த நாலாயிரத்தை மிச்சம் பிடித்து ஒரு ஆர்.டி.யில் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பணம் கட்டுவதற்கு முன், அதே திரையில், அதே அளவு எழுத்தில் மூணு விஷயம் போடு: யார் ஓட்டுகிறார், அவர் கணக்கில் என்ன எழுத்து, இந்த மெம்பருக்கு எத்தனை மைல். யார் ஓட்டுகிறார் என்பதைப் பயணிக்குச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதியே இருக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாலு பெரிய ஏர்லைன்ஸிடம் புள்ளித் திட்டங்களின் உள்விவரத்தைக் கேட்டு விசாரணையே ஆரம்பித்தது. ஜி.எஸ்.டி.யைக் காசு சுத்தமாகப் பிரித்துக் காட்டுகிற கம்ப்யூட்டருக்கு மைல் எத்தனை என்று மட்டும் தெரியாதா? தெரியும். காட்டினால் நாலாயிரம் குறைவாக இருக்கிற இடத்துக்குப் போய்விடுவோம் என்றும் தெரியும்.

நாலாவது மெயில் இன்று காலை அனுப்பிவிட்டேன். ஏர்சேவாவிலும் ஒரு புகார், 1915-க்கு போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் ஒரு புகார்.

பி.கு: போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். புள்ளி ஏறும்வரை பத்திரமாக வையுங்கள், கேட்பதற்குக் கெடு உண்டு. டிக்கெட் நம்பர் 13 இலக்கம்; முதல் மூணு இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்தவர் யார் என்று சொல்லும் (098 ஏர் இந்தியா, 220 லுஃப்தான்சா, 618 சிங்கப்பூர்). ஓட்டுகிறவர் யார் என்று சொல்லாது. மெம்பர் கணக்கில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், முக்கியமாக ஊரில் இருக்கும் அப்பா அம்மா கணக்கை. என் அப்பா பெயரை மாற்றக் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது, இன்னும் அவர் தாத்தாவாகத்தான் இருக்கிறார் :-)