கூ பூ சாய் எழுதி வைத்தது

1963-ஆம் ஆண்டு, அமெரிக்காவிலிருந்து வரும் ‘பிளாஸ்டிக் அண்ட் ரீகன்ஸ்ட்ரக்டிவ் சர்ஜரி’ என்ற மருத்துவ இதழின் 31-ஆம் தொகுதியில் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மடிப்பில்லாத மேலிமையில் மடிப்பை உண்டாக்குவது எப்படி என்பதுதான் பொருள். எழுதியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் கூ பூ சாய். கிழக்காசிய இமைகளைப் பற்றி இன்று யார் ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் அந்த ஐந்து பக்கத்தைத் தொடாமல் போவது அரிது. சைனாடவுனின் அழகுசாதனக் கடைகளில் இமைமேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டைகள் விற்கிறார்களே, அவை ஒரு நாளைக்குத் தரும் மடிப்பை நிலையாகத் தரும் வேலை அது.

இமை ஏன் மடிகிறது? கண்ணைத் திறக்கும் தசையின் நார்கள் சிலருக்கு இமைத்தோல்வரை வந்து பற்றியிருக்கும். கண் திறக்கும்போது அந்த இடத்தில் தோல் உள்ளே இழுபட்டு மடிகிறது. வேறு சிலருக்கு நார்கள் தோலை எட்டுவதில்லை. இமைக்குள் இருக்கும் கொழுப்பும் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அதனால் இமை வழவழப்பாகவே இருக்கும். இரண்டும் நலமான கண்தான். கூ பூ சாயின் முறை இமையை நீளமாகக் கீறித் திறப்பதில்லை. குறித்த இடங்களில் நூலைக் கோத்துத் தசைநாரையும் தோலையும் பிணைத்துவிடுகிறது. இயற்கை சிலருக்குச் செய்து சிலருக்குச் செய்யாமல் விட்ட இணைப்பை ஊசியும் நூலும் செய்கின்றன.

இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுத்தால், வெள்ளைக்காரர் முகத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. கொரியப் போர் முடிந்த கையோடு அங்கே பணியாற்றிய அமெரிக்க சர்ஜன் ரால்ஃப் மில்லார்ட் தம் அனுபவங்களை எழுதியபோது அந்தத் தொனி தெரிந்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு போதாது. கிழக்காசியர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இமை மடிப்பு உண்டு. அக்காள் கண்ணில் இருப்பது தன் கண்ணில் இல்லையே என்று ஒரு பெண் நினைப்பதற்கு ஐரோப்பா எதற்கு? மேலும், ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896-லேயே, ஒரு கண்ணில் மட்டும் மடிப்பிருந்த ஒரு பெண்ணுக்கு மறு கண்ணிலும் பட்டு நூலால் மடிப்பை உண்டாக்கி, அதை எழுதியும் வைத்தார். இரு கண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்ற விருப்பத்தில் பிறந்த முறை அது. தோல் நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பசை பூசி வரும் நாம் அடுத்த வீட்டு இமையைப் பற்றித் தீர்ப்பு வழங்கும் முன் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஆனால் இத்தலையங்கம் இமையைப் பற்றியதன்று. கூ பூ சாய் என்ற மருத்துவரின் வேறு இரண்டு கட்டுரைகள்தாம் எங்களைப் பேனா எடுக்க வைத்தன.

ஒன்று 1966-இல் அதே இதழில் வந்தது: உதட்டுப் பிளவைப் பற்றிய ஒரு பழஞ்சீனக் குறிப்பு. ஜின் அரசமரபின் வரலாற்று நூலில் வெய் யோங்ச்சி என்ற இளைஞனின் கதை இருக்கிறது. காலம் கி.பி. நான்காம் நூற்றாண்டின் கடைசி. பிறவியிலேயே உதடு பிளந்தவன், வயது பதினெட்டு, வழிச்செலவுக்கும் வகையில்லாத ஏழை. ஜிங்சோவ் மாகாண ஆளுநரிடம் இதைச் சரிசெய்யத் தெரிந்த வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இந்த முகத்தோடு வாழ்வதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, கொஞ்சம் அரிசியைக் கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பிவிடுகிறான். வைத்தியர் பார்க்கிறார். வெட்டித் தைத்துவிடலாம், ஆனால் நூறு நாள் கஞ்சி மட்டுமே குடிக்க வேண்டும், பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது என்கிறார். மிச்ச ஆயுள் நேராகக் கிடைக்குமென்றால் பாதி ஆயுளைப் பேசாமலே கழிக்கவும் தயார், நூறு நாள் என்ன பெரிது என்கிறான் இளைஞன். உதடு கூடுகிறது. பின்னாளில் அவனே அந்த மாகாணத்துக்கு ஆளுநராகிறான்.

நூறு நாள் பேசாதே என்பதில் எவ்வளவு அனுபவம் இருக்கிறது பாருங்கள். உதட்டைச் சுற்றியிருக்கும் வட்டத் தசை ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு சிரிப்பிலும் தையலைப் பிரித்து இழுக்கும். அதை அறிந்த வைத்தியரின் முதல் நோயாளியாக அந்த இளைஞன் இருந்திருக்க முடியாது. அதற்கு முன் எத்தனையோ உதடுகளைத் தைத்து, சில பிரிந்து போனதைப் பார்த்து, அதிலிருந்து கற்றுத்தான் அந்தப் பத்தியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவரின் பெயர் அந்த நூலில் இல்லை. ஆளுநரின் பெயர் இருக்கிறது, நோயாளியின் பெயர் இருக்கிறது. தைத்த கை யாருடையது என்று யாரும் எழுதவில்லை.

இதே குறையை நம் பக்கத்திலும் பார்க்கலாம். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ ஒரு படத்தையும் குறிப்பையும் வெளியிட்டது. மைசூர்ப் போரில் கம்பெனிப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி திப்புவின் வீரர்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனாவுக்கு அருகே ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார். மெழுகால் மூக்கின் வடிவம் செய்து, அதை நெற்றியில் பரப்பி அளவெடுத்து, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்கின் மேல் பதித்தார். காம்பு வழியே இரத்தம் ஓடியதால் தோல் செத்துப்போகவில்லை. புது இடத்தில் பிடித்த பிறகு காம்பை அறுத்தார்கள். பம்பாயைச் சேர்ந்த இரண்டு ஆங்கில சர்ஜன்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்த லண்டன் சர்ஜன் ஜோசப் கார்ப்பியூ, இருபது ஆண்டு கழித்து, 1814-இல் அதைச் செய்து பார்த்து, 1816-இல் புத்தகமாக வெளியிட்டார். ஐரோப்பாவில் நவீன பிளாஸ்டிக் சர்ஜரி தலையெடுத்தது அதிலிருந்துதான் என்பார்கள். நெற்றித் தோல் மூக்குக்கு இன்றும் ‘இந்திய முறை’ என்றே பெயர். சுசுருதர் சொன்ன மூக்குச் சிகிச்சையின் வழி அது எப்படிக் கைமாறி வந்தது என்பது தனிக் கதை. கவாஸ்ஜியின் பெயர் நிலைத்தது. கார்ப்பியூவின் பெயர் நிலைத்தது. மூக்கு வைத்தவர் செங்கல் அறுக்கும் வகுப்பைச் சேர்ந்தவர் என்று சாதியை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

கூ பூ சாயின் மற்றொரு கட்டுரை 1970-இல் ஒரு பிரிட்டிஷ் இதழில் வந்தது. முகத்தில் சாய்வாக, வாயிலிருந்து கண்வரை ஓடும் பிறவிப் பிளவு மிக அரிது. ஒரு சர்ஜன் வாழ்நாள் முழுவதும் ஒன்றிரண்டைப் பார்த்தால் அதிகம். கூ பூ சாய் பார்த்தது இரண்டு. அந்த இரண்டோடு நிற்காமல், அதுவரை உலகில் பதிவாகியிருந்த 41 நேர்வுகளைத் தேடித் திரட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேல்தாடை எலும்பில் கண்ணுக்குக் கீழே நரம்பு வெளிவரும் ஒரு துளை உண்டு. பிளவு அதற்கு மூக்குப் பக்கம் போகிறதா, காதுப் பக்கம் போகிறதா என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வகை என்று பிரித்துக் காட்டினார். ஆறு ஆண்டு கழித்து பிரெஞ்சு சர்ஜன் போல் டெஸியே முகப் பிளவுகளுக்கெல்லாம் எண் கொடுத்தபோது, அவை 4 என்றும் 5 என்றும் ஆயின. இன்று மருத்துவ நூல்கள் டெஸியேயின் எண்ணைச் சொல்லி, கூடவே பூ சாய் முதல் வகை, இரண்டாம் வகை என்றும் எழுதுகின்றன.

இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாகச் சொல்லலாம் என்பதே எங்கள் கட்சி. பிளாஸ்டிக் சர்ஜரியில் கண்டுபிடிப்பு என்றதும் கருவியும் காப்புரிமையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவையும் சிங்கப்பூரில் உண்டு. தொங்கிய கன்னத்தை மேலே இழுத்து நிறுத்த, நடுவிலிருந்து இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் முள் வைத்த நூலை வகுத்தவர் இவ்வூர் சர்ஜன் வோஃபிள்ஸ் வூ. 2004-இல் அவர் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். நூல் அவர் பெயராலேயே விளங்குகிறது. அதுவும் உழைப்புதான். ஆனால் எந்தக் காப்புரிமையும் இல்லாமல், படமும் அளவும் போட்டு, படிக்கிற எவரும் மறுநாளே செய்து பார்க்கும்படி எழுதி வைக்கப்பட்ட முறைகளுக்கு எங்கள் மனத்தில் தனி இடம் இருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து வந்த ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. இயந்திரத்தில் சிக்கி விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், எலும்பு தெரியும். எலும்பைக் குறைத்துத் தைத்தால் விரல் குட்டையாகும். வேறிடத்துத் தோலை ஒட்டினால் தொடுவுணர்ச்சி குறையும். டாக்டர் ஆர். வெங்கடசாமியும் உடன் பணியாற்றிய சுப்பிரமணியனும் 1980-இல் ஒரு முறையை எழுதினார்கள். விரலின் பக்கவாட்டிலேயே முக்கோணமாகத் தோலை விடுவித்து, அதன் நரம்பும் இரத்தக் குழாயும் அறுபடாமல் அப்படியே நுனிக்கு நகர்த்திவிடுவது. விரலின் நீளமும் மிஞ்சும், உணர்ச்சியும் மிஞ்சும். துறைமுகமும் பட்டறைகளும் சூழ்ந்த வடசென்னையில், நாள்தோறும் நசுங்கிய கைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றியிருக்கும். இன்று உலகெங்கும் கை அறுவை நூல்களில் வெங்கடசாமி மடல் என்று இது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில் நாம் பார்க்கும் கட்டுமானத் தொழிலாளர்களில், விரல் நுனி போகாமல் தப்பியவர்கள் இருந்தால், அந்தக் கட்டுரைக்கும் அதில் பங்கிருக்கலாம். அவர்களுக்கு அது தெரிய வழியில்லை; தமிழில் யாரும் சொல்லவில்லை.

சைனாடவுனில் நின்று இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயிலிலிருந்து, சீன மருந்துக்கடைகளைத் தாண்டி நடந்தால் சற்று நேரத்தில் ஊட்ரம் மேட்டுக்கு வந்துவிடலாம். ஒரு காலத்தில் இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பாக இருந்த அந்தச் சிப்பாய் லைன்ஸில்தான் 1882 முதல் பொது மருத்துவமனை இருக்கிறது. 1905-இல் இந்நாட்டின் முதல் மருத்துவப் பள்ளியும் அங்கேதான் தொடங்கியது. பக்கத்துப் பேர்ல்ஸ் ஹில்லில் 1844-இல் டான் டோக் செங் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். யூ டோங் சென் தெருவில் 1892-இல் கட்டிய தோங் சாய் மருந்தகக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1867-இல் தொடங்கிய அந்த அமைப்பு, எந்த இனத்தவர் வந்தாலும் ஏழைக்குக் காசு வாங்காமல் பார்த்து மருந்தும் கொடுத்தது. தீவின் மருத்துவ வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். நம் இலக்கியமோ இத்தெருக்களில் விளக்கு அலங்காரத்தையும் சாப்பாட்டுக் கடையையும் தாண்டி அதிகம் பார்த்ததில்லை.

தோங் சாய் தொடங்கிய அதே 1867-இல் யாழ்ப்பாணம் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் ‘இரணவைத்தியம்’ என்ற அறுவை மருத்துவ நூலைத் தமிழில் வெளியிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் மருத்துவர். தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். உடற்கூறு முதலிய நூல்களையும் தமிழாக்கியவர். குருதிக்குழாயை எப்படிக் கட்டுவது, புண்ணை எப்படித் தைப்பது என்பதையெல்லாம் தமிழில் படித்துவிட்டு வைத்தியத்துக்குப் போன மனிதர்கள் நம்மிடையே இருந்தார்கள். அது அறுந்துபோனது மொழியின் குற்றமன்று. எழுதுவோரும் கேட்போரும் இல்லாமற்போனதே காரணம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்கு வந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம், 1971-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்தார். 1983-இல் இங்கே சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததும் அவர் தலைமையில்தான். அவர் மகப்பேற்று மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் அல்லர். ஆனால் தமிழர் ஒருவர் செய்த இந்த வேலையின் நுட்பத்தைத் தமிழில் விரிவாகப் படிக்க விரும்பும் இளைஞன் எந்த நூலகத்தில் எதைத் தேடுவான்? பாராட்டுரைகள் கிடைக்கும். அவர் கை என்ன செய்தது என்பது கிடைக்காது.

மிகாமோவின் கட்டுரை ஜப்பானிய மொழியில் இருந்ததால் வெளியுலகம் அதை அறிய வெகுகாலம் ஆயிற்று என்பது உண்மைதான். ஆங்கிலத்தில் எழுதியதால் கூ பூ சாய் உலகத்தைச் சென்றடைந்தார் என்பதும் உண்மை. மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கூ பூ சாய் ஆங்கிலத்தில் எழுதியபோதும், தம் மக்களின் பழைய நூலுக்குள் போய்ப் பெயரற்ற ஒரு வைத்தியரை வெளியே கொண்டுவந்தார். அறுவைக் கூடத்தில் நிற்கிற ஒருவர் வரலாற்று நூலையும் புரட்டுகிறவராக இருந்ததால் நடந்த காரியம் அது. அப்படிப்பட்டவர்கள் தமிழ் மருத்துவர்களிலும் இருக்கிறார்கள் என்றே நம்புகிறோம்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து சில பக்கங்களை இதற்கென்றே ஒதுக்குகிறோம். ஒட்டறுவை, கை அறுவை, தீக்காயச் சிகிச்சை, உதட்டுப் பிளவு, எதுவானாலும் சரி. மருத்துவர்கள், தாதியர், பயிற்சி மாணவர்கள் யாரும் எழுதலாம். தன்வரலாறும் சாதனைப் பட்டியலும் வேண்டாம். ஒரு முறையை எடுத்துக்கொண்டு அது எங்கே பிறந்தது, யார் செய்தார், ஏன் பலித்தது, எங்கே தவறும் என்று எழுதுங்கள். கலைச்சொல் அகப்படவில்லையென்றால் வார்டில் வழங்கும் சொல்லையே போடுங்கள், திருத்தும் பொறுப்பு எங்களுடையது. படத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்பினாலும் அச்சேற்றுகிறோம். பக்க வரம்பு இல்லை.