படுத்திருக்கச் சொல்லாதீர்கள்

“மூச்சு வாங்குகிறதே, பேசாமல் படுத்திருங்கள்” என வீட்டார் பரிவுடன் சொல்வதை எங்களால் ஏற்க இயலவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், உள்ளிழுத்த காற்று முழுவதும் வெளியேறாமல் தேங்கி நுரையீரல் உப்புகிறது. கவிழ்த்த கிண்ணம் போல் குவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி, இழுவிசையை இழக்கிறது. அதன் சுமையைக் கழுத்துத் தசைகள் ஏற்கின்றன. ஓய்வு இதை மாற்றாது. படுத்தே இருந்தால் கால் தசைகளும் மெலியும். குளியலறை வரை நடப்பதற்கே மூச்சு போதாது.

இன்ஹேலரைத் தவறாமல் வாங்கித் தரும் குடும்பங்கள்கூட, 6 முதல் 8 வாரங்கள் நீளும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு நோயாளியை அழைத்துவரத் தயங்குகின்றன. எங்கள் பார்வையில் அதுவும் மருந்தே. மருத்துவர் வகுத்த அளவில் அவர் நடக்கட்டும். இளைத்தால் நின்று, சற்று முன்சாய்ந்து, உதடுகளைக் குவித்து மெல்ல ஊதட்டும். ஓய்ந்த பின்னும் திணறல் தணியாவிட்டாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.