வீட்டு கேமரா வீடியோவை நாம மட்டும்தான் பார்க்கிறோமா? பழைய லேப்டாப்பே காவல் காக்கும்... எப்படி? முழு விளக்கம்!

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று சொல்லிவிட்டுப் போன காலம் மாறிவிட்டது. இப்போது குறைந்த விலைக்கே வைஃபை கேமரா கிடைக்கிறது. செல்போனிலேயே வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், அந்த வீடியோவை நாம் மட்டும்தான் பார்க்கிறோமா?

என்ன சிக்கல்?

பல வைஃபை கேமராக்கள் வீடியோவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடும். அமேசானுக்குச் சொந்தமான 'ரிங்' நிறுவனம் மீது 2023 மே மாதம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் புகார் பதிவு செய்தது. பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறை, குளியலறை வீடியோக்களை ஊழியர் ஒருவரே பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களைக் குறிவைத்தது. அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் தளங்களே தடுமாறின.

மாற்று வழி என்ன?

வீடியோ வீட்டை விட்டு வெளியே போகாமலே காவல் காக்க முடியும். தேவை: ஒரு பழைய லேப்டாப் அல்லது ராஸ்பெர்ரி பை, ஒரு வெப்கேம், 'ஓபன்சிவி' மென்பொருள். 1999-ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ஓபன்சிவி இலவசம். பைத்தான் ஓரளவு தெரிந்தவர்களே எழுதிவிடலாம்.

எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டருக்குத் திருடன் யார், மாமா யார் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். 640-க்கு 480 அளவுள்ள ஒரு படத்தில் 3,07,200 புள்ளிகள் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச அளவு உண்டு.

* முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்க வேண்டும். சின்னச் சின்னப் புள்ளி நடுக்கம் இதில் மறையும்.
* முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். எதுவும் அசையவில்லை என்றால் விடை கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.
* வித்தியாசம் 25-ஐத் தாண்டிய புள்ளிகளை மட்டும் வெள்ளையாக்க வேண்டும்.
* வெள்ளைத் திட்டு பெரிதாக இருந்தால் அசைவு இருக்கிறது என்று அர்த்தம். உடனே படம் சேமிக்கப்படும்.

பல்லி ஓடினாலும் அலாரமா?

ஆமாம், இதுதான் பெரிய தலைவலி. ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடினாலும், தெருவில் போகும் பைக்கின் வெளிச்சம் சுவரில் பட்டாலும் எச்சரிக்கை வரும். தினமும் பொய் அலாரம் அடித்தால், நிஜமாகத் திருடன் வரும் அன்றைக்கு யாரும் போனை எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கும் வழி உண்டு. சின்னத் திட்டுகளை ஒதுக்கலாம். ஜன்னல் பகுதியை மறைத்துவிடலாம். தொடர்ந்து சில படங்களில் அசைவு இருந்தால் மட்டும் எச்சரிக்கச் சொல்லலாம். அதன் பிறகு, 'யோலோ' போன்ற ஏஐ மாடல் மூலம் அசைந்தது மனிதரா என்று சோதிக்கலாம். அசைவு இருக்கும்போது மட்டும் ஏஐ வேலை செய்வதால் பழைய லேப்டாப்பும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. கரன்ட் போனால் வைஃபையும் போகும். திருடன் லேப்டாப்பையே தூக்கிப்போனால் ஆதாரமும் போச்சு! அதனால் அசைவு தெரிந்ததும் ஒரு படத்தை மட்டும் போனுக்கு அனுப்பச் செய்வது நல்லது. அந்த ஒரு படம் வெளியே போகும், உண்மைதான். ஆனால் 24 மணி நேர வீடியோவும் வெளியே போவதில்லையே!

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த வீட்டுத் தேவைக்கான பதிவுகளுக்கு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதற்காக எதையும் படம் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெண்ணின் அந்தரங்கத்தைப் பதிவு செய்தால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77-ன்படி முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

எனவே கேமரா வாசலையும் வராண்டாவையும் பார்க்கட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் கேமரா இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வைஃபை கேமரா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள்!