ஆடியோஃபைல் நெட்வொர்க் ஸ்விட்சுகள் குறித்து எம் சங்கத்தின் நிலைப்பாடு

இணையத்திலிருந்தும் வீட்டுச் சேமிப்பகத்திலிருந்தும் சங்கீதத்தை வரவழைத்துக் கேட்கும் வழக்கம் வேரூன்றிவிட்ட இந்நாளில், ரூட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் நடுவே வைப்பதற்கென்றே மெல்கோ, இன்னுவோஸ், இங்கிலீஷ் எலெக்ட்ரிக் முதலிய நிறுவனங்கள் விசேஷ ஸ்விட்சுகளைத் தயாரித்து விற்று வருகின்றன. சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்விட்ச் செய்யும் அதே வேலையைச் செய்யும் இச்சாதனங்களின் விலை பல ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தாண்டிச் செல்வதால், இவற்றை வாங்கினால் ஒலி உண்மையிலேயே மேம்படுமா என்று சங்கீத ரசிகர்கள் எம்மிடம் கேட்பது நியாயமே. அக்கேள்விக்குரிய விடையைக் காரணங்களோடு இங்கே வெளியிடுகிறோம்.

நிலைப்பாடு

முறையாக வடிவமைக்கப்பட்ட ஸ்ட்ரீமரும், எண்களை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டி.ஏ.சி.யும் உள்ள ஒரு வீட்டில், பழுதின்றி இயங்கும் சாதாரண ஸ்விட்சை அகற்றிவிட்டு விசேஷ ஸ்விட்சை வைப்பதனால் செவிக்குப் புலனாகும் அபிவிருத்தி உண்டாகும் என்பதற்குப் போதிய நிரூபணம் இல்லை. ஆகவே இவற்றை ஒலியை உயர்த்தும் சாதனங்களாக எம் சங்கம் சிபாரிசு செய்யாது.

காரணங்கள்

ஈதர்நெட் கேபிளில் செல்வது ஒலியலை அன்று. எண்களாக மாற்றப்பட்டு, ஃபிரேம் எனப்படும் சிறு கட்டுகளாகப் பிரிக்கப்பட்ட தரவே. ஒவ்வொரு கட்டின் இறுதியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்க்கப்பட்டிருக்க, வீட்டு ஸ்விட்ச் அக்கட்டை முழுமையாக உள்வாங்கி, அவ்வெண்ணைத் தானே கணக்கிட்டு ஒப்பிட்டு, பிசகு கண்டால் கட்டையே தள்ளிவிடுகிறது. கட்டு வந்து சேராததை உணர்ந்த டி.சி.பி. நெறி அதனை மறுபடி அனுப்பச் செய்கிறது. குறுந்தகட்டுத் தரத்திலுள்ள சங்கீதத்துக்கு வினாடிக்கு 14,11,200 பிட்டுகளே தேவைப்பட, கிகாபிட் கேபிள் அதைப்போல் சுமார் 700 மடங்கைத் தாங்கவல்லது என்பதால், மறுபடி அனுப்புவதற்கு அவகாசத்துக்குக் குறைவே இல்லை. எனவே இத்தரவு பிழையின்றி வந்து சேரும்; அல்லது வழி அடைபட்டுப் பாட்டு தடைப்படும். மந்தர ஸ்தாயி சற்று மெலிந்தும் மேல் ஸ்தாயி சற்று மங்கியும் வந்து சேர்வதென்பது இவ்வேற்பாட்டில் இல்லை.

விற்பனையாளர்கள் பெரிதும் வற்புறுத்துவது ஸ்விட்சினுள் இருக்கும் படிகக் கடிகாரத்தின் நுட்பத்தை. அக்கடிகாரம் பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்சில் துடிப்பது, டி.ஏ.சி.யின் கடிகாரமோ 22.5792 அல்லது 24.576 மெகாஹெர்ட்சில் துடிப்பது. இவ்விரண்டுக்கும் இடையில் ஸ்ட்ரீமரின் பஃபர் எனும் தற்காலிக நினைவகம் நிற்கிறது. கட்டுகள் எத்தனை ஒழுங்கீனமாக வந்து குவிந்தாலும் அவை பஃபரில் தங்கி, பின்னர் டி.ஏ.சி.யின் சொந்தத் தாளத்துக்கே வெளிவருகின்றன. பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கையில் ஸ்ட்ரீமரிலிருந்து ஈதர்நெட் கேபிளை உருவிப் பாருங்கள்: பல சாதனங்களில் சங்கீதம் சில வினாடிகளோ அதற்கு மேலுமோ தடையின்றித் தொடரும். எந்த ஸ்விட்சோடும் தொடர்பே இல்லாத அவ்வேளையில் ஒலி மாறவில்லையென்றால், ஸ்விட்சுக்கு எந்தப் பெருமையைச் சேர்ப்பது?

மறுதரப்பு வாதங்களில் ஒன்று மட்டும் ஆராயத்தக்கது. தரவு பிசகாவிட்டாலும், மலிவான மின்வழங்கியின் இரைச்சல் கேபிள் வழியாக ஏறி டி.ஏ.சி.யின் அனலாக் பகுதியைத் தீண்டக்கூடும் என்கின்றனர். இது சாஸ்திரத்துக்கு முரணானதன்று. ஈதர்நெட் போர்ட்டிலுள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் இத்தகைய மின்தொடர்பைத் துண்டிப்பதற்காகவே வைக்கப்பட்டிருப்பினும், உயர் அதிர்வெண் இரைச்சலில் ஓரளவு அதனையும் கடந்து செல்லும். உலோகக் கவசமிட்ட கேபிளின் கவசமோ இரு சாதனங்களின் உலோக உடல்களையும் நேரே இணைத்துவிடும். ஆயினும் அவ்விரைச்சல் உண்மையில் தீங்கு செய்தால் டி.ஏ.சி.யின் வெளியீட்டில் அதனை அளந்து காட்டலாம். கவசமில்லாக் கேபிளாலோ, வைஃபையாலோ, சில ஆயிரம் ரூபாயில் அமையும் கண்ணாடியிழை இணைப்பாலோ அதனை விலக்கவும் செய்யலாம்.

அனுபவம் பற்றி

புதிய ஸ்விட்சை வைத்த அன்றே ஒலி மலர்ந்ததாகக் கூறும் ரசிகர்களை நாம் பொய்யர் என்று கருதவில்லை. அவர்கள் அடைந்த ஆனந்தம் மெய்யே. அதன் காரணம் யாது என்பதே வினா. எதிர்பார்ப்பு செவியை வழிநடத்துவதும், ஒலியின் நுண்ணிய சாயல்கள் நினைவில் சில வினாடிகளே நிலைப்பதும் மனித இயல்பாகையால், 1950இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்து மன்சனும் கார்ட்னரும் விவரித்து, 1982இல் டேவிட் கிளார்க் ஒலிச் சாதனங்களுக்கென விரித்துரைத்த ஏ.பி.எக்ஸ். பரீட்சை போன்ற முறைகள் தோன்றின. எந்தச் சாதனம் ஒலிக்கிறது என்பதைக் கேட்பவரும் அறியாமல், நடத்துபவரும் அறியாமல் நிகழும் அந்த மறைமுகப் பரீட்சையில், 16 முறைக்குப் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொல்வது வெறும் ஊகத்தால் நூற்றுக்கு நான்கு தடவைக்கும் குறைவாகவே நேரும்.

சிபாரிசுகள்

1. பாட்டு விட்டுவிட்டு ஒலித்தால், முதலில் பழுதுபட்ட கேபிளையோ பலவீனமான வைஃபையையோ சரிசெய்க. ஸ்விட்ச் தேவைப்படின் சாதாரண கிகாபிட் ஸ்விட்சும் கவசமில்லாக் கேபிளும் போதுமானவை.

2. செலவிடப் பணம் உண்டெனில், ஒலிபெருக்கிகளுக்கும், அவற்றை வைக்கும் இடத்துக்கும், அறையின் எதிரொலியை அடக்கும் ஏற்பாடுகளுக்கும் செலவிடுக. அங்கே நேரும் மாறுதலை அளக்கவும் கேட்கவும் முடியும்.

3. தயாரிப்பாளர்கள் தம் ஸ்விட்சும் சாதாரண ஸ்விட்சும் மாறி மாறி இணைக்கப்பட்ட நிலையில், டி.ஏ.சி.யின் அனலாக் வெளியீட்டில் எடுத்த அளவீடுகளைப் பிரசுரிக்க வேண்டும்.

4. விமரிசகர்கள் தம் அபிப்பிராயம் மறைமுகப் பரீட்சையில் பெறப்பட்டதா அன்றா என்பதையும், சாதனம் இரவலாக வந்ததா என்பதையும் வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ரசிகர்களின் உழைப்பில் வந்த பணம் சங்கீதத்துக்குப் பயன்படும் வழியில் செல்லவேண்டும் என்ற அக்கறையே எம்மை இவ்வாறு பேசவைக்கிறது. வெளியீட்டில் எடுத்த அளவீட்டாலோ, முறைப்படி நடந்த மறைமுகப் பரீட்சையாலோ இதற்கு மாறான நிரூபணத்தை எவர் கொண்டுவந்தாலும், அதனைப் பகிரங்கமாகப் பரிசீலித்து, மெய்யெனக் கண்டால் இந்நிலைப்பாட்டைத் திருத்தி வெளியிடக் கடமைப்பட்டுள்ளோம்.