எடைமேடைக் கம்ப்யூட்டர் ஏன் இழுக்கிறது?

செவ்வாப்பேட்டை, காக்களூர் சிட்கோ, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று இந்த வட்டாரத்துப் பட்டறையிலோ எடைமேடையிலோ பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. ஆனால் எடைமேடையின் இண்டிகேட்டர் சீரியல் போர்ட்டோடுதான் பேசும். மென்பொருளை எழுதிக்கொடுத்தவர் தொழிலையே விட்டுப் போயிருப்பார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ ரிப்பன் மாற்றினால் போதும் என்று உழைக்கும். மாற்ற முதலாளிக்கு மனசு வராது. மாற்றுங்கள் என்று சொல்ல இதை எழுதவும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் இழுக்க ஆரம்பிக்கும். லாரி மேடையில் நிற்கும், டிரைவர் இறங்கி ஜன்னலோரம் வந்து நிற்பார், சீட்டு வராது. மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும். "ஹார்டு டிஸ்க் போச்சு, மாத்தணும்" என்பதுதான் முதலில் கிடைக்கும் தீர்ப்பு. "வைரஸ், ஃபார்மேட் பண்ணணும்" என்பது அடுத்தது. இரண்டில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காசு செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர். அதில் ஐடிஇ கன்ட்ரோலர் வரிசையில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போங்கள். 'கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற கட்டத்தில் 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5' என்று இருந்தால் அங்கே குறையில்லை. 'பிஐஓ' என்று இருந்தால் இழுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பிஐஓ முறையில் டிஸ்கிலிருந்து வரும் தரவை பிராசஸரே கையால் அள்ளுகிறது. 512 பைட் கொண்ட ஒரே ஒரு செக்டரைப் படிக்க, 2 பைட், 2 பைட்டாக 256 முறை. அந்த நேரத்தில் வேறு வேலை ஓடாது. மவுஸ் தத்துவது அதனால்தான். டிஎம்ஏ முறையில் கன்ட்ரோலரே தரவை நேராக மெமரியில் இறக்கிவிடும். பிஐஓவின் உச்சம் நொடிக்கு சுமார் 16 மெகாபைட். அல்ட்ரா டிஎம்ஏ 5-வது மோடில் 100.

சரி, நேற்றுவரை டிஎம்ஏவில் ஓடியது இன்று எப்படி இறங்கியது? யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். விண்டோஸே இறக்கியிருக்கும். டிஸ்கோடு பேசும்போது டைம் அவுட்டோ, சிஆர்சி என்ற சரிபார்ப்பில் பிழையோ மொத்தம் 6 சேர்ந்தால், எக்ஸ்பி வேகத்தை ஒரு படி குறைக்கும். பிழை தொடர்ந்தால் படிப்படியாக இறங்கி பிஐஓவில் நிற்கும். 6 பிழையும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. மாதக்கணக்கில் சேர்ந்தாலும் கணக்கு கணக்குதான். இறங்கிய வேகம் தானாக ஏறவும் ஏறாது.

ஏற்றுவது எளிது. அதே சேனலில் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்துப் பழைய வேகத்தைக் கொடுத்துவிடும். பல மெக்கானிக்குகள் இதோடு மூடியை மூடிவிடுகிறார்கள். என் சண்டை இங்கேதான். விண்டோஸ் சும்மா இறக்கவில்லை. பிழை வந்ததால் இறக்கியது. பிழை எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் ஏற்றினால், இரண்டு வாரத்தில் லாரி மறுபடி நிற்கும்.

முதல் சந்தேகம் கேபிள் மேல். 33 மெகாபைட்டுக்கு மேல் போக 80 கம்பி ரிப்பன் வேண்டும். பின் என்னவோ 40தான். கூடுதல் 40 கம்பியும் எர்த், ஒரு சிக்னல் பக்கத்துக் கம்பியில் கலக்காமல் தடுக்கத்தான். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டர் டிஸ்குக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. நீளம் ஒன்றரை அடியைத் தாண்டக் கூடாது. பட்டறைத் தூசும் அதிர்வும் கனெக்டரைத் தளர்த்தும். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அழுத்தியதாலேயே சரியான கேஸ்கள் உண்டு. கேபிள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம்.

கேபிளா, டிஸ்கா என்று டிஸ்கிடமே கேட்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்தால், 199 என்ற எண்ணில் (சிலவற்றில் சி7) சிஆர்சி பிழைகள் இருக்கும். அந்த எண் குறையாது. ஆகவே எவ்வளவு என்பதைவிட, கேபிள் மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்பதே கேள்வி. ஏறவில்லை என்றால் டிஸ்க் தப்பித்தது. 5, 197 ஆகிய எண்களில் செக்டர் பழுது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்தான் குற்றவாளி. அப்போது எந்த செட்டிங்கும் காப்பாற்றாது.

"பிஐஓவிலேயே விட்டுவிடுங்கள், மெதுவானாலும் பத்திரம்" என்ற யோசனையும் அவ்வப்போது கேட்கிறது. பாதிதான் சரி. சிஆர்சி சரிபார்ப்பு அல்ட்ரா டிஎம்ஏவோடு வந்தது. பிஐஓவில் அது கிடையாது. கெட்ட கேபிள் வழியே எடை ஒன்று தப்பாகப் பதிந்தால் யாருக்கும் தெரியாது. எதிர்ப்பக்கத்தில், பயாஸில் வேகத்தை 133க்குத் தள்ளிவிட்டு லாபம் தேடுபவர்களும் உண்டு. அந்தக் காலத்து டிஸ்க் நிஜத்தில் தருவது 50, 60 மெகாபைட். குழாயைப் பெரிதாக்கினால் கிணற்றில் தண்ணீர் ஊறாது.

கொஞ்சம் புதிய, சாட்டா டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் கதை வேறு. நீண்ட விடுமுறைக்குப் பிறகு சுவிட்சைப் போட்டதும் நீலத் திரை, 7பி என்று முடியும் எண். மதர்போர்டின் பட்டன் செல் தீர்ந்து, பயாஸ் ஐடிஇ, ஏஹெச்சிஐ செட்டிங்கை மறந்திருக்கும். தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்: சிஆர் 2032 செல் ஒன்றைப் போட்டு, பயாஸில் பழைய மோடைத் திரும்ப வையுங்கள். ஃபார்மேட் தேவையில்லை.

எந்தக் கேஸானாலும், டிஸ்க் படிக்க முடிகிற நிலையில் இருந்தால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் எடைக் கணக்கு ஃபைல்களை பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். மெக்கானிக் வந்து "டிஸ்க் மாத்தணும்" என்றால், டிரான்ஸ்ஃபர் மோட் என்ன, 199-ல் எண் என்ன என்று கேளுங்கள். இரண்டையும் பார்க்காமல் புது டிஸ்குக்கு பில் போட்டால் கொடுக்காதீர்கள்.